மூன்று கம்பத் தூரம்

என் அப்பா சிவனாண்டி செத்துப்போன பிறகும் நாலு மாதம் வேலைக்கு வந்தார். இதைச் சொன்னால் என் அண்ணன் அழகுபாண்டி சிரிப்பான். மதுரை காளவாசலில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன் அவன். கரண்டில் ஓடாத எதையும் நம்ப மாட்டான். சிரிக்கட்டும். அவன் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. நான் கேட்டேன், அம்மா கேட்டாள், எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள்.

அப்பாவுக்கு ரயில்வேயில் கீமேன் வேலை. தினமும் விடிந்ததும் தோளில் சுத்தியல், பையில் ஸ்பேனர், கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள். தண்டவாளத்தின் மேலேயே நடந்துபோக வேண்டும். தண்டவாளத்தை அடியில் குறுக்கே கிடக்கிற கட்டையோடு கவ்விப் பிடித்திருக்கிற இரும்புக் கிளிப்புகளில் எது ஆடுகிறது, எது கழன்று கிடக்கிறது என்று பார்த்து அடித்து இறுக்க வேண்டும். வாடிப்பட்டிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் அவர் பீட்டு. ஒரு தடத்தில் போய் மறு தடத்தில் திரும்புவார். முப்பத்தொரு வருடம்.

ஆடுகிற கிளிப்பை மட்டும் அடித்தால் போதும் என்பதுதான் விதி. அப்பா விதியைவிட விடாக்கண்டன். வளைவு வந்துவிட்டால் வெளித் தண்டவாளத்தில் ஒவ்வொரு கிளிப்பையும் தட்டுவார். வண்டி தண்டவாளத்தை வெளியே தள்ளுவது வளைவில்தான் என்பார். இரண்டு சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு. இறுகியிருக்கும் கிளிப் கணீர் என்று பதில் சொல்லும். தளர்ந்தது தகர டப்பா மாதிரி டப்பென்று நிற்கும். "கண்ணு பொய் சொல்லும். காது சொல்லாது" என்பது அவர் வேதவாக்கு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் ரயில் மேடு. தோப்பை ஒட்டித்தான் அந்த வளைவு, மூன்று மின்கம்பத் தூரம். அப்பா பீட்டின் கடைசித் துண்டு அது. அதற்கு அப்பால் எல்லைக் கல், அடுத்த ஆளின் பீட்டு. காலை ஏழே கால் வாக்கில் அப்பா அங்கே தட்டுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பாள். எங்கள் வீட்டில் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வேலை என்றால் என்ன என்பதை அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதம் வேறு மாதிரி. எனக்குப் பதினொரு வயது இருக்கும். கழித்துப்போட்ட பழைய கட்டை ஒன்றைக் கொல்லையில் கிடத்தி, துண்டுத் தண்டவாளம் வைத்து நாலு கிளிப் மாட்டினார். எங்கள் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டுத் தட்டினார். எது தளர்ச்சி என்று சொல்ல வேண்டும். அண்ணன் மூன்றாவதைத் தப்பாகச் சொன்னான். பொழுது சாய்கிற வரைக்கும் அவனை விடவில்லை. அவன் அழுதுகொண்டே "மூணு... இல்ல, ரெண்டு" என்று உளறினது இன்னும் காதில் இருக்கிறது. பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவன் மதுரையைத் தாண்டிப் போகாவிட்டாலும் அப்பாவைத் தாண்டிப் போய்விட்டான். நான் நாலையும் சரியாகச் சொன்னேன். அதற்கு ஒரு மிட்டாய்கூடக் கிடையாது. "நாளைக்கும் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான்.

வேலை நேரத்தில் உட்கார மாட்டார். நான் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனால் மேட்டின் ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவார். அடுத்த பீட்டுக்காரர் பேயாண்டி எல்லைக் கல்லில் உட்கார்ந்து பீடி குடிப்பார். அது அப்பாவுக்கு ஆகவே ஆகாது. "பேயாண்டி உக்காந்தான்னா தண்டவாளத்துக்கே கொட்டாவி வரும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்பா யாரை வைதாரோ அவர்களை நானும் வைதேன். பேயாண்டியை எனக்குப் பேசாமலே பிடிக்காது.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் அப்பா செத்தார். தோப்பு வளைவில், இரண்டாவது கம்பத்தடியில். ஒரு தடத்தில் சரக்கு வண்டி வந்திருக்கிறது. அதற்கு ஒதுங்கி மறு தடத்துக்குப் போன நேரத்தில் அதில் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. நல்ல பனி. விசாரணையில் இப்படித்தான் எழுதினார்கள். அந்த நேரத்தில் எல்லைக் கல் பக்கம் இருந்த பேயாண்டிதான் சாட்சி. அன்றைக்குத் தட்டுகிற சத்தம் பாதியில் நின்றது. அம்மா உலையை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வாரிசு வேலை ஆடி மாதம் எனக்கு வந்தது. அண்ணன் "அந்தச் சுத்தியலை நான் தொட மாட்டேன்" என்றுவிட்டான். நான் பி.காம் முடித்துவிட்டுப் பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். பயிற்சி முடிந்து ஐப்பசியில், ஆள் இல்லாத குறைக்கு, மேஸ்திரி மருது அப்பாவின் பீட்டையே என்னிடம் கொடுத்தார். பொம்பளை கீமேனா என்று டீக்கடையில் சிரித்தவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

முதல் நாள் கிளம்பும்போது அம்மா சூடத்தைக் கொளுத்தி என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"ஒங்கப்பா ரெத்தம் விழுந்த எடத்த நீ மிதிக்கப்படாது. வருசத் தெவசம் முடியட்டும். பெத்த புள்ள மிதிச்சா உசுரு ஏங்கி நிக்கும்டி."

"அது என் பீட்டும்மா. நான் போகாம யாரு போவா?"

"எம்புட்டுத் தூரம்? மூணு கம்பம். சுத்திப் போ."

சுற்றிப் போனேன். மேட்டுக்குக் கீழே, கருவேல முள்ளை ஒட்டி ஒரு வண்டிப் பாதை உண்டு. முதல் கம்பத்தில் இறங்கி அந்தப் பாதையில் நடந்து எல்லைக் கல் பக்கம் மேலே ஏறுவேன். அங்கே தடத்தைக் கடந்து, மறுபக்கமும் கீழே இறங்கித் திரும்புவேன். எங்கள் இடுப்பில் ஜிபிஎஸ் கருவி கட்டிவிட்டிருக்கிறார்கள். பத்தடி தள்ளி நடந்தால் அதற்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். சத்தியம் ஒரு சாக்கு. எனக்குப் பயம். அந்த இடத்தில் அவரைத் துணியில் கூட்டி அள்ளினார்கள். மேட்டில் கால் வைத்தாலே அது கண்ணுக்குள் வந்துவிடும். ஆறு கிலோமீட்டரில் மற்றதையெல்லாம் அவர் பெயரைக் கெடுக்காமல் பார்த்தேன். அந்த மூன்று கம்பத்தை மட்டும் கடவுளிடம் விட்டேன். வளைவில் கிளிப்புகள் வரிசையாகக் கழன்றால் என்ன ஆகும் என்று தெரியாதவள் இல்லை நான். ஆயிரம் பேர் உட்கார்ந்து வருகிற வண்டி அது. தெரிந்தே விட்டேன்.

பீட்டை வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத ஒரு காலை, முதல் கம்பத்தை நெருங்கும்போது சத்தம் கேட்டது. வளைவுக்குள்ளிருந்து. இரண்டு சின்னது, ஒரு பெரியது.

என் கை சுத்தியலை விட்டுவிட்டது. பாதத்தில் விழவில்லை, அது ஒரு அதிர்ஷ்டம். நான் கீழே இறங்கியதும் சத்தம் நின்றது. வண்டிப் பாதையில் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். எல்லைக் கல்லில் ஏறிப் பார்த்தால் யாரும் இல்லை. பேயாண்டி மட்டும் தூரத்தில் அவர் பீட்டில் தெற்கே நடந்து போய்க்கொண்டிருந்தார், தலையில் துண்டும் முதுகுமாக. குனிந்து கடைசிக் கட்டையைப் பார்த்தேன். கிளிப்பின் தலையில் புதிதாக அடிபட்ட பளபளப்பு இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அம்மா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியாடி?"

"எதை?"

"மறைக்காத. ஒங்கப்பா வந்துட்டாரு."

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அம்மா குறி சொல்கிற கோடாங்கி சோணையைக் கூட்டிவந்தாள். அவர் உடுக்கையை அடித்து, கண்ணை மூடி, "பாதி வேலையில போன உசுரு. சுத்தியலக் கீழ வைக்க மனசு வரல. யாரும் குறுக்க போகாதீக. அதுவா முடிச்சுட்டுப் போகும்" என்றார். தெருவில் இதைப் பெருமையாகவே பேசினார்கள். சிவனாண்டி செத்தும் டூட்டி பாக்குறான்யா என்றார்கள். அம்மாவுக்கு முகத்தில் களை வந்தது. ஏழே காலுக்குச் சத்தம் கேட்டதும் உலை வைப்பாள். ஒரு தம்ளர் காப்பியைத் தோப்புப் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு வருவாள். காக்காய் குடித்ததோ அணில் குடித்ததோ, தம்ளர் காலியாகத்தான் இருந்தது.

எனக்குப் பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடு ஒரு நிம்மதி சேர்ந்துகொண்டது. அதுதான் கேவலம். தினமும் வளைவுக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்; தட்டுகிற சத்தம் கேட்டதும், சரி, அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று கீழே இறங்கிவிடுவேன். தை மாதம் வருசத் திவசம் முடிந்தது. சத்தியமும் முடிந்தது. அம்மாவே "இனி ஒன் இஷ்டம்" என்றாள். அப்போதும் நான் மேலே போகவில்லை. கோடாங்கி குறுக்கே போகாதே என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு சம்பளம் வாங்குகிறவள் செய்ய வேண்டிய வேலையைச் செத்தவர் தலையில் கட்டிவிட்டு ஊர் முழுக்க நல்ல பிள்ளையாக நடந்தேன்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசியில் ஒரு திங்கட்கிழமை, பனிக்குள் நின்று காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் நின்றேன். தோப்பில் மட்டை விழுந்த சத்தம்தான் வந்தது. கீழே இறங்கிப் போய்விட்டேன்.

வீட்டில் அம்மா உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையும் சத்தம் இல்லை. புதன்கிழமை அவள் சாப்பிடவில்லை.

"நான் என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியலையே. காப்பில சீனி கூடிப்போச்சோ?"

"முடிச்சுட்டுப் போயிருப்பாரும்மா. கோடாங்கி சொன்னார்ல."

"சொல்லாமப் போவாராடி? மொதத் தடவையும் சொல்லாமத்தான போனாரு."

வியாழக்கிழமையும் அப்படியே போனது. அன்று மத்தியானம் தோப்பைத் தாண்டி எக்ஸ்பிரஸ் போன சத்தம் கேட்டது. சோற்றில் கை வைத்திருந்தேன். வளைவில் அது ஒரு மாதிரி சளசளத்துப் போனது. அப்பா இருந்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் கம்பத்தில் இறங்காமல் நடந்தேன்.

"அப்பா, நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இரண்டாவது கம்பத்தடியில் ஜல்லி மட்டும் வெளுப்பாக இருந்தது. பழையதை அள்ளிவிட்டுப் புதிதாகக் கொட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. சுத்தியலை ஊன்றி நின்றேன். வாந்தி வந்தது. எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

வெளித் தண்டவாளத்தில் ஒன்பது கிளிப் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கழன்று ஜல்லியில் கிடந்தது. நாலே நாளில். இந்த நாலு மாதமும் தட்டாமல் விட்டிருந்தால் என்று நினைத்தேன், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அடித்தேன். என்னை அறியாமல் இரண்டு சின்னது, ஒரு பெரியது என்றுதான் கை போனது. கழன்றதை மாட்டி அடித்தேன். ஆடாததையும் அடித்தேன். பாதியில் எக்ஸ்பிரஸ் வந்தது. ஓரத்துக்கு இறங்கி நின்று, சக்கரத்துக்கு அடியில் அந்தக் கிளிப்புகளையே பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அழுகை அப்போதுதான் வந்தது.

மூன்றாவது கம்பத்தடியில் பீடித் துண்டு கிடந்தது. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி அளவு. திரும்பிப்போய்ப் பார்த்தேன். மற்ற இரண்டு கம்பத்தடியிலும் அதே. அப்பா ஆயுசுக்கும் பீடியைத் தொட்டதில்லை.

மேஸ்திரி மருதுக்குப் போன் போட்டேன்.

"பேயாண்டி எங்கண்ணே? ஆளையே காணோம்."

"ஒனக்குத் தெரியாதா? சுகரு தாயி. போன ஞாயித்துக்கெழமை ஆஸ்பத்திரில சேத்து வலது கால் பெருவெரல எடுத்துட்டாக. இப்ப பழங்காநத்தத்துல மக வீட்டுல இருக்காரு. ஏன், பீட்டுல எதுவும் கோளாறா?"

"இல்லண்ணே" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சேர்த்திருக்கிறார்கள், திங்கட்கிழமை சத்தம் நின்றிருக்கிறது. காது பொய் சொல்லாது என்று அப்பா சொன்னது பொய். என் காது நாலு மாதம் என்னை ஏமாற்றியது. நானும் ஏமாறத் தயாராக இருந்தேன். எல்லைக் கல்லில் தினமும் அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறி முதுகு என்று நினைத்ததோடு சரி.

வீட்டுக்குப் போனால், வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கருவாட்டுக் குழம்பு வாசம் தெருமுனைக்கே வந்தது. அம்மா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள்.

"வந்துட்டாருடி! அம்புட்டு வேகமா தட்டுனாரு இன்னைக்கு. நாலு நாள் வேலையச் சேத்துல்ல பாத்திருக்காரு!"

நான்தான் தட்டினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் எனக்குக் கருவாட்டை அள்ளி வைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பிட்டேன்.

சனிக்கிழமையும் வளைவைத் தட்டிவிட்டு, டூட்டி முடிந்ததும் பழங்காநத்தம் பஸ் ஏறினேன். நான் முன்பு வேலை பார்த்த பாத்திரக் கடைக்குப் பின்தெருவில் மாடி வீடு. பேயாண்டி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட பாதம் தலையணை மேல் இருந்தது. அவர் மகள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு டீ போடப் போனாள்.

"வா தாயி. அப்படியே சிவனாண்டி அண்ணன் மொகம். உக்காரு. அவரு மாதிரி நின்னுக்கிட்டே வையாத."

உட்கார்ந்தேன். "ஏன் மாமா செஞ்சீக?" என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னத்த?"

"மூணு கம்பம்."

அவர் பாதத்தடித் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"ஐப்பசில ஒரு நா நீ கீழ எறங்கிப் போறதப் பாத்தேன். மறுநாளும் எறங்குன. பச்சப்புள்ள, பயப்படுதுன்னு விட்டேன். மூணாம் நாளு போய்ப் பாத்தா நாலு கிளிப்பு ஆடுது. மருதுகிட்டச் சொன்னா ஒம்மேல ரிப்போர்ட்டு எழுதிருவாக. வேலையே போனாலும் போகும். அதான் தட்டிவிட்டேன். ஒரு நா தட்டுனா மறுநாளும் தட்டணும்ல?"

"அப்பா மாதிரியே தட்டுனீக. எங்கம்மா அவருன்னே நெனச்சுருச்சு."

"எனக்கு வேற மாதிரி தட்டத் தெரியாது தாயி. இருபத்திரெண்டு வருசம் பக்கத்துப் பீட்டுல கேட்ட சத்தம்."

"ஒங்கள அவரு வையாத நாளு இல்லையே."

"நெசத்தத்தான வஞ்சாரு? நான் உக்காருவேன். மூட்டு வலி வந்தாலும் உக்காருவேன், வராட்டியும் உக்காருவேன்." சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. மகள் அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு அவரும் உக்காந்திருந்தாரு."

"யாரு?"

"ஒங்கப்பா. சரக்கு வண்டி வருதுன்னு மறு தடத்துக்கு ஒதுங்குனாரு. சரக்கு வண்டி நீளமில்லையா, முடியட்டும்னு தண்டவாளத்துல உக்காந்தாரு. முழங்கால ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. பனி லேசா வெலகி இருந்துச்சு, நான் எல்லைக் கல்லுல இருந்து பாத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துச்சு தாயி. இம்புட்டு வருசம் என்னைய வஞ்ச மனுசன், இன்னைக்கு மாட்டுனாரு, நாளைக்குச் சொல்லிக் காட்டணும்னு நெனச்சேன். எக்ஸ்பிரஸ் வார நேரம்னு தெரியும். இப்ப எந்திரிச்சிருவாருன்னு நெனச்சேன். பாவம், கொஞ்சம் உக்காரட்டுமேன்னும் நெனச்சேன். வண்டி என்னையத் தாண்டுனப்பெறகுதான் விசிலு ஊதுனேன். அந்தச் சரக்கு வண்டிச் சத்தத்துல எனக்கே கேக்கல."

"பொய்" என்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது, நான் எழுந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "எங்கப்பா உக்கார மாட்டாரு."

"அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். "ஒதுங்கி நின்னாரு, வண்டி வந்துருச்சுன்னு. அந்தப் பேருக்கு உக்காந்திருந்தாருன்னு நான் எப்படி எழுதுவேன்?"

அவர் மகள் டீயோடு வந்து நின்றாள். நான் நாற்காலியை நிமிர்த்திப் போட்டேன். டீயைக் குடித்தேன். அது சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று தெரியாது.

"இனி நான் வர முடியாது தாயி" என்றார் பேயாண்டி. "லேசான வேலைக்கு மாத்திருவாக. நீ பாத்துக்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அப்பா உட்கார்ந்தது எனக்கு வலிக்கவில்லை. அவருக்குக் கால் வலித்திருக்கிறது என்பதே வலித்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர். ராத்திரி அம்மா முழங்காலில் எண்ணெய் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். காலையில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். நாங்களும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டோம். உட்கார்ந்தால் கேவலம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தனக்கும் சொல்லிக்கொண்டே முப்பத்தொரு வருடம் நின்றிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் அன்றைக்கு உட்கார்ந்திருக்கிறார். அப்போதும் ஒருவர் பார்த்து, அதை மறைத்து, நாலு மாதம் புண்ணுக் காலோடு அதற்குப் பரிகாரம் செய்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உட்கார்ந்ததை அல்ல. அது பேயாண்டி மாமாவோடும் என்னோடும் இருக்கட்டும். ஆனால் தட்டியது யார், இனித் தட்டப்போவது யார் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காலத்துக்கும் அவள் சுவரில் காப்பி வைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தபோது தூங்கியிருந்தாள். விடியலில் நான் கிளம்பும்போதும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கட்டாயம் சொல்லிவிடுவது என்று சுத்தியலைத் தோளில் போட்டேன்.

பனி அன்றைக்குச் சுவர் மாதிரி நின்றது. முதல் கம்பத்திலிருந்து தட்டத் தொடங்கினேன். இரண்டாவது கம்பத்துக்கு வந்தபோது மேட்டுக்குக் கீழே சருகு மிதிபடுகிற சத்தம். நாய் என்று நினைத்தேன்.

"ஏங்க."

அம்மா குரல். தோப்பைத் தாண்டி மேட்டடிக்கே வந்திருக்கிறாள். அவளை எனக்குத் தெரியவில்லை. என்னை அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் குனிந்த வாக்கிலேயே நின்றேன்.

"சொவத்துல வச்சா ஆறிப்போகுதுன்னு இங்கயே கொண்டாந்துட்டேன். நடுவுல நாலு நாள் வராம என்னையப் பதற வச்சுட்டீகளே. முழங்கால் எப்படி இருக்கு? அங்கயாச்சும் எண்ணெ தேய்க்க ஆள் இருக்கா?"

என் கண்ணில் வழிந்தது மூக்கு நுனியில் வந்து சொட்டியது. துடைக்கக் கை தூக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். இந்தப் புள்ளயோட சத்தியத்த தையோட முடிச்சுவிட்டேன், அது தப்புங்க. ஒங்கள எடுத்த எடம் எம்புள்ளைக்கு வேணாம். மத்ததெல்லாம் அவ நல்லாப் பாக்குறா, ஒங்க பேரக் கெடுக்கல. இந்த மூணு கம்பத்த மட்டும் நீங்களே பாத்துக்கங்க. அவள இங்க வர விட்றாதீக. ஒரு புள்ளதான் எங்கூட இருக்கு."

அம்மா என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது. கூப்பிட்டால், தான் கும்பிட்டுக் கேட்ட இடத்திலேயே மகள் நிற்பதைப் பார்ப்பாள். அப்பாவும் அதே கம்பத்தடியில் இன்னொரு தடவை செத்துப்போவார். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கீழே அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதாங்க?"

சுத்தியலை ஓங்கினேன். இரண்டு சின்னது, ஒரு பெரியது.

"சரிங்க" என்றாள் அம்மா. தம்ளரைக் கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சருகுகள் மேல் அவள் திரும்பி நடந்தாள்.

அவள் வீடு போய்ச் சேரும்வரை சத்தம் கேட்க வேண்டும். நகர்ந்து அடுத்த கிளிப்பைத் தட்டினேன். அதற்கடுத்ததைத் தட்டினேன். மூன்றாவது கம்பம் வரைக்கும் இன்னும் எண்பது கட்டை இருந்தது.